தூண்டில் நரம்பு: கண்ணுக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று

நீலகிரியின் அவலாஞ்சி, எமரால்டு பகுதி ஏரிகளை மாதிரியாக வைத்து நான் எழுதிவரும் சிறிய மீன்பிடி விளையாட்டில், தூண்டில் நரம்பு ஒருவழியாக நரம்பாக நடந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறது. வீசும்போது ரீலிலிருந்து உருவிக்கொண்டு போகிறது. ஈயக்குண்டு தண்ணீரைத் தொட்டதும் தளர்ந்து நீர்ப்பரப்பின் மேல் வளைந்து படுக்கிறது. ட்ரவுட் மீன் இரையைக் கவ்வி ஓடும்போது அந்த வளைவு முழுவதும் நிமிர்ந்த பிறகுதான் கழியின் நுனி குனிகிறது. எனக்கு வேண்டியிருந்தது கடைசியாகச் சொன்ன அந்தத் தாமதம்தான். கழி நுனிக்கும் முள்ளுக்கும் இடையே அழகான ஒரு வளைகோட்டை வரைந்துவிட்டால் பார்ப்பதற்குப் போதும். ஆனால் அப்போது தளர்வு என்பது வெறும் படமாகிவிடுகிறது, அதை ஆட்டக்காரர் சுருட்டி எடுக்கவோ, வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கவோ வழியில்லை. கோடோ 4 என்ற விளையாட்டு என்ஜினில், பழைய மடிக்கணினி ஒன்றில், ஒரு பிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும், நரம்பின் கணக்கு ஒரு மில்லிநொடியைத் தாண்டக் கூடாது என்ற வரம்போடு இதைச் செய்தேன்.

நிரல் எழுதுவதற்கு முன் உண்மையான நரம்பை அளந்துகொண்டது பின்னால் பலமுறை கைகொடுத்தது. 0.30 மில்லிமீட்டர் நைலான் நரம்பு 100 மீட்டர் சுருள் 120 ரூபாய், 0.01 கிராம் வரை காட்டும் சட்டைப்பைத் தராசு 450 ரூபாய், செலவு இவ்வளவுதான். இவ்வளவு மெல்லிய விட்டத்தை என்னிடமிருந்த வெர்னியரால் நம்பகமாக அளக்க முடியாததால், 10 மீட்டர் வெட்டிச் சுருட்டி எடை போட்டேன். 0.81 கிராம் வந்தது. நைலானின் அடர்த்தியான 1.14-ஐ வைத்துக் கணக்கிட்டாலும் இதே எண் கிடைப்பதால், சுருளின் மேல் அச்சிட்டிருந்த விட்டம் சரி என்று உறுதியாயிற்று. அடுத்து 2 மீட்டர் நரம்பை மாடிக் கம்பியில் கட்டி, அடியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். நரம்பு 13 சென்டிமீட்டர் நீண்டது. அதாவது ஒரு கிலோ எடைக்கு 6.5 விழுக்காடு. இதிலிருந்து, நரம்பை நூறு விழுக்காடு நீட்டத் தேவைப்படும் கற்பனை விசை ஏறத்தாழ 150 நியூட்டன் என்ற எண் கிடைத்தது. உண்மையில் அதற்கு வெகு முன்பே நரம்பு அறுந்துவிடும், ஆனாலும் கணக்குக்கு இந்த ஒற்றை எண் மிக வசதியானது. பாட்டிலை லேசாக இழுத்துவிட்டால் ஒரு துள்ளலுக்கு 0.7 நொடி பிடித்து, ஐந்தாறு துள்ளலில் அடங்கியது. 150 நியூட்டனை வைத்துத் தாளில் போட்ட கணக்கு 0.73 நொடி என்றது. இரவு முழுவதும் தொங்கவிட்ட நரம்பு மேலும் சற்று நீண்டதோடு, பாட்டிலை அவிழ்த்த பிறகும் பழைய நீளத்துக்கு முழுமையாகத் திரும்பவில்லை; நைலானின் அந்தக் குணத்தை விளையாட்டில் சேர்க்கவில்லை.

முதல் வடிவத்தை என்ஜினிலேயே இருக்கும் திடப்பொருள்களையும் மூட்டுகளையும் கொண்டு கட்டினேன்: அரை மீட்டர் நீளமுள்ள குழல்கள், ஒவ்வொன்றும் அடுத்ததோடு ஒரு மூட்டால் இணைக்கப்பட்டவை, கடைசியில் 28 கிராம் ஈயக்குண்டு. அது நடுங்கியது, மூட்டுகள் பிரிந்து இடைவெளி தெரிந்தது, சுழற்றி வீசினால் சிதறியது. இதை அந்த என்ஜினின் குறை என்று சொல்ல முடியாது. அரை மீட்டர் நரம்பின் எடை 0.04 கிராம், ஈயக்குண்டு அதைப்போல் 700 மடங்கு, ஒன்றரைக் கிலோ மீன் 37,500 மடங்கு. சுற்றுச் சுற்றாகத் திருத்திக்கொண்டே விடைக்கு நெருங்கும் எந்த இயற்பியல் தீர்வானுக்கும் இது குருவி தலையில் பனங்காய்தான்.

அடுத்து மூட்டுகளை விட்டுவிட்டு, புள்ளிகளுக்கு இடையே சுருள்வில் வைக்கும் பாடப்புத்தக முறையை எடுத்துக்கொண்டேன். இதை எழுதுவதற்கு முன்பே தாளில் போட்டுப் பார்த்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன். அரை மீட்டர்த் துண்டின் விறைப்பு மீட்டருக்கு 300 நியூட்டன், புள்ளியின் எடை 0.04 கிராம், இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் கணக்கு வெடிக்காமல், அதாவது எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகாமல், இருக்க நொடிக்கு 2,700 கணக்குப் படிகளுக்கு மேல் வேண்டும். என்ஜின் இயல்பாகத் தருவது நொடிக்கு 60. விறைப்பைக் குறைத்தால் வெடிக்காது, ஆனால் நரம்பு நைலானாக இல்லாமல் ஜவ்வாகிவிடும்.

மூன்றாவதாக வந்தது இன்றைக்குக் கயிறு, துணி, கூந்தல் எல்லாவற்றுக்கும் பெரும்பாலோர் எடுக்கும் வழி. 2001-இல் தாமஸ் ஜேக்கப்சன் கேம் டெவலப்பர்ஸ் கான்பரன்ஸில் விளக்கிய முறை இது. வெர்லே ஒருங்கிணைப்பு என்ற பழைய இயற்பியல் கணக்கின் மேல் நிற்பது. நரம்பு அரை மீட்டருக்கு ஒரு புள்ளியாக, அதாவது கணுவாக, பிரிக்கப்படும்; ஒவ்வொரு கணுவுக்கும் இப்போதைய இடமும் முந்தைய இடமும் மட்டும் நினைவில் இருக்கும். இரண்டின் வித்தியாசமே வேகம். அடுத்த இடத்தைக் கண்டபின், பக்கத்துக் கணுக்களுக்கு இடையிலான தூரம் அரை மீட்டரைத் தாண்டியிருந்தால் இரண்டையும் அருகே நகர்த்திச் சரிசெய்வது. இதைச் சங்கிலி முழுவதும் சில சுற்றுகள் செய்வது. நாற்பது வரிக்குள் எழுதிவிடலாம், எக்காரணம் கொண்டும் வெடிக்காது. நரம்பு நீளத்தைத் தாண்டினால் மட்டும் திருத்த வேண்டும், குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைச் சேர்த்ததும் தளர்வு தானாக வந்துவிட்டது. சங்கிலியை ஒருமுறை கழி நுனியிலிருந்து முள்ளுக்கும், அடுத்தமுறை முள்ளிலிருந்து நுனிக்குமாகத் திசை மாற்றிச் சரிசெய்தால் பாதிச் சுற்றுகளிலேயே அதே தரம் கிடைக்கிறது. ஒரே திசையில் போனால் இழுப்பின் செய்தி அந்தத் திசையில் ஒரே சுற்றில் கடைசி வரை ஓடிவிடும். எதிர்த்திசையில் சுற்றுக்கு ஒரு கணு வீதம் ஊர்ந்துதான் திரும்பும்.

ஈயக்குண்டு வரைக்கும் இது சரியாக இருந்தது. மீனைக் கட்டியதும் 20 மீட்டர் நரம்பு 26 மீட்டர் வரை நீண்டுவிட்டது. சுற்றுகளைக் கூட்டுவதைவிடப் படிகளைச் சிறிதாக்குவதே மேல் என்று இத்துறையில் 2019-இல் வந்த ஆய்வு காட்டியிருப்பதால், ஒவ்வொரு படியையும் எட்டு உட்படிகளாகப் பிரித்து, உட்படிக்கு ஒரே ஒரு சுற்று என்று மாற்றினேன். நொடிக்கு 480 உட்படிகள். நீட்சி வெகுவாகக் குறைந்தது. ஆனால் தளர்ந்த நரம்பு கீழே விழ மறுத்தது. கழியை அசைத்தால் நரம்பும் அசைந்தது. அசைவு அடங்கியதும், இருந்த இடத்திலேயே காற்றில் நின்றது.

ஈர்ப்பு விசை வரியில் ஒரு பிழையும் இல்லை. காரணம் உயரத்தில் இருந்தது. விளையாட்டின் மலைகளைப் பொதுவில் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவுகளிலிருந்து அப்படியே எடுத்திருந்தேன். ஆகவே ஏரியின் நீர்மட்டம் செங்குத்து அச்சில் 2,000-ஐ ஒட்டி இருந்தது. கோடோவின் இயல்பான பதிப்பில் ஒரு புள்ளியின் இடம் 32 பிட் எண்களில் சேமிக்கப்படுகிறது. அந்த எண் 1,024-க்கும் 2,048-க்கும் இடையில் இருக்கும்போது, அதனால் காட்ட முடிகிற மிகச்சிறிய நகர்வு 0.12 மில்லிமீட்டர். அமைதியாக இருக்கும் ஒரு கணுவை ஈர்ப்பு விசை நொடியின் 480-இல் ஒரு பங்கு நேரத்தில் நகர்த்துவதோ 0.043 மில்லிமீட்டர், அது 0.12-இல் பாதிகூட இல்லை என்பதால் ஒவ்வொரு முறையும் பூஜ்யமாக வட்டமிடப்பட்டது. நொடிக்கு 60 படி இருந்தவரை அந்த நகர்வு 2.7 மில்லிமீட்டராக இருந்ததால் இது தலைகாட்டவே இல்லை. என்ஜினையே 64 பிட் எண்களோடு மறுதொகுப்புச் செய்யும் வழி உண்டு. அதைவிட, நரம்பின் எல்லாக் கணக்கையும் கழி நுனியைப் பூஜ்யமாகக் கொண்டு செய்துவிட்டு, வரையும்போது மட்டும் நுனியின் இடத்தைக் கூட்டிக்கொள்வது எளிது. கழி நகரும்போது பூஜ்யமும் நகர்வதால், ஒவ்வொரு கணுவின் இப்போதைய இடம், முந்தைய இடம் இரண்டையும் அதே அளவு எதிர்த்திசையில் தள்ளிவிட வேண்டும். ஒன்றை மட்டும் தள்ளினால் நரம்புக்கு இல்லாத வேகம் வந்துவிடும்.

நரம்பு விழுந்தது, மீனைக் கட்டியதும் வரும் நீட்சி மட்டும் முழுமையாகத் தீரவில்லை. இத்தகைய தூரத் திருத்தங்களோடு பொருளின் நெகிழ்வையும் சேர்க்கும், 2016-இல் வந்த எக்ஸ்பிபிடி (XPBD) என்ற முறையில், நான் அளந்த 150 நியூட்டனை அப்படியே கொடுத்து, சுற்றுகளின் எண்ணிக்கையைச் சாராத நெகிழ்வைப் பெற முடியும் என்பதால் அதையும் எழுதிப் பார்த்தேன். முறை நல்ல முறைதான். ஆனால் 37,500 மடங்கு எடை வித்தியாசத்தை நாற்பது கணுக்கள் வழியாகக் கடத்தும்போது, கழி நுனிக்கு வந்துசேரும் இழுவிசை எண் பிரேமுக்குப் பிரேம் குதித்தது. அந்த எண்ணை வைத்துத்தான் ரீல் நழுவ வேண்டுமா, நரம்பு அறுந்துவிட்டதா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. குதிக்கும் எண்ணை வைத்து அதைச் செய்ய முடியாது.

இந்த இடத்தில்தான் வேலை திசை மாறியது. துணியின் அசைவைக் கணினியில் கணக்கிடும்போது, தொலைவிலுள்ள புள்ளியை நேரடியாகத் தாங்குபுள்ளியோடு கட்டிவிடும் உத்தி ஒன்று 2012-இல் வெளிவந்தது. அதே எண்ணத்தை எடுத்துக்கொண்டு, மீன் உணரும் நரம்பையும் கண் பார்க்கும் நரம்பையும் இரண்டாகப் பிரித்தேன். மீனுக்கு நரம்பு என்பது ஒரே ஒரு சுருள்வில். வெளியே விடப்பட்டிருக்கும் நரம்பின் நீளம் ஓர் எண். கழி நுனியிலிருந்து முள் வரையிலான நேர்த்தூரம் இன்னோர் எண். தூரம் நீளத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை இழுவிசை பூஜ்யம். கூடினால், கூடுதலை நீளத்தால் வகுத்து 150-ஆல் பெருக்கினால் இழுவிசை. அதோடு பாட்டில் துள்ளி அடங்கிய வேகத்திலிருந்து எடுத்த சிறு தணிப்பு. 20 மீட்டர் நரம்பில் இந்த வில்லின் விறைப்பு மீட்டருக்கு 7.5 நியூட்டன்தான், மறுமுனையில் இருப்பது ஒன்றரைக் கிலோ மீன். எவ்வளவு முரட்டுத்தனமான கணக்கு முறையிலும், நொடிக்கு 60 படியிலேயே, இது அசையாமல் நிற்கும். இரண்டாம் வடிவத்தில் வெடித்த அதே சுருள்வில் இங்கே அமைதியாக இருப்பதற்குக் காரணம், இதில் 0.04 கிராம் எடையுள்ள கணு எதுவும் இல்லை என்பதே.

கணுச் சங்கிலி இப்போது பார்வைக்கு மட்டும். அதன் ஒரு முனை கழி நுனியிலும் மறுமுனை முள்ளிலும் ஆணியடித்ததுபோல நிற்கிறது; இடையில் இருப்பவை காற்றுக்கும் நீருக்கும் ஏற்ப ஆடுகின்றன. மீன் நரம்பை நீட்டும்போது, நேர்த்தூரத்துக்கும் நரம்பு நீளத்துக்கும் உள்ள விகிதத்தால் ஒவ்வொரு துண்டின் இயல்பு நீளத்தையும் பெருக்கிவிடுகிறேன். அதனால் சங்கிலி தன் திருத்தங்களோடு மல்லுக்கட்டாமல் நேராக விறைக்கிறது. இதன்பின் எக்ஸ்பிபிடி தேவைப்படவில்லை. எளிய வெர்லே போதுமாயிருந்தது. சங்கிலியிலிருந்து மறுபக்கத்துக்குப் போவது ஒன்றே ஒன்று: கணுக்கள் மேல் காற்றும் நீரும் தரும் தடைவிசையின் கூட்டலில் பாதியை ஈயக்குண்டின் மேல் சுமத்துகிறேன். அது இல்லாவிட்டால் எதிர்க்காற்றில் வீசினாலும் குண்டு ஒரே தூரம் போய் விழுகிறது. பாதி என்பது இயற்பியல் விதியல்ல. இரண்டு முனைகளும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் என்ற தோராயம்.

ரீல் இதன் பிறகு சில வரிகளில் முடிந்தது. 0.30 நைலான் அறுபடும் எடையை 6 கிலோ என்று வைத்து, தூண்டில்காரர்கள் வழக்கமாகச் செய்வதுபோல் டிராக்கை, அதாவது ரீல் நழுவத் தொடங்கும் இழுவிசையை, அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே அமைத்தேன். இழுவிசை அதைத் தாண்டினால், மிஞ்சிய அளவுக்கு ஏற்ற வேகத்தில் நரம்பின் நீளம் கூடும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் 70 சென்டிமீட்டர் குறையும். முடிச்சில் நரம்பு வலுவிழக்கும் என்பதற்காக அறுபடும் எடையில் ஒரு பங்கைக் கழித்திருக்கிறேன்.

நரம்பு நீளும்போது கணுக்களைச் சேர்ப்பதும் சுருட்டும்போது நீக்குவதும் நினைத்ததைவிட நுணுக்கமான வேலை. கழி நுனியை ஒட்டிய முதல் துண்டு மட்டும் வளரும் துண்டு. அது அரை மீட்டரை எட்டியதும் நுனியில் புதுக் கணு பிறக்கிறது. பிறக்கும் துண்டின் நீளம் பூஜ்யத்திலிருந்து தொடங்கினால், தூரத்தால் வகுக்கும் வரியில் எண்கள் தாறுமாறாகின்றன. ஆகவே 5 சென்டிமீட்டருக்குக் கீழே எந்தத் துண்டையும் விடுவதில்லை. புதுக் கணுவின் முந்தைய இடத்தையும், பக்கத்து இரு கணுக்களின் முந்தைய இடங்களுக்கு இடையே இருந்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வீச்சின் நடுவில் நுனியருகே ஒரு கணு மட்டும் நின்றுவிட்டு, நரம்பில் முழங்கை போன்ற மடிப்பு ஓடுகிறது.

தண்ணீர்தான் அதிக நேரம் எடுத்த பகுதி, அதற்குத் தகுதியானதும்கூட. காற்றைவிட நீர் 800 மடங்கு அடர்த்தி. தடைவிசையும் அதற்கேற்பக் கூடும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நீரைத் தொடும் ஒரு மெல்லிய கணுவுக்குத் தடைவிசையை நேரடியாகக் கணக்கிட்டால், அதன் எடை அவ்வளவு குறைவு என்பதால், ஒரே உட்படியில் எதிர்த்திசையில் நொடிக்கு 380 மீட்டருக்கும் மேல் வேகம் கிடைத்துவிடும். நரம்பு ஏரியைத் தொட்டதும் வானத்துக்குப் பாய்வதை நான் பார்த்தேன். பழைய வேகத்தை, ஒன்றோடு தடை, வேகம், உட்படி நேரம் மூன்றின் பெருக்கலைக் கூட்டிய எண்ணால் வகுத்தால் இது தீர்ந்துவிடும்: அதே 10 மீட்டர் வேகம் 0.25 மீட்டராகக் குறையும், ஒருபோதும் திசை மாறாது. இந்தத் தடையை நரம்புக்குக் குறுக்காக முழுமையாகவும், நீளவாக்கில் 50-இல் ஒரு பங்காகவும் பிரித்தேன். அந்த 50 கண்ணால் பார்த்துத் தேர்ந்த எண். இப்படிப் பிரித்த பிறகுதான், மீன் பக்கவாட்டில் ஓடும்போது நரம்பு தண்ணீரை வளைவாகக் கிழித்துக்கொண்டு பின்தொடர்கிறது.

நீருக்குள் நரம்பு மூழ்கும் வேகத்துக்கு, சிறு துண்டுகளை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். போட்டவுடன் அவை மூழ்கவே இல்லை, மேலே படுத்துக்கொண்டன. நைலான் நீரைவிடக் கனமானது என்றாலும், இவ்வளவு மெல்லிய நரம்புக்கு நீரின் பரப்பு இழுவிசை கொடுக்கக்கூடிய தாங்கல், நீருக்குள் அதற்கு மிஞ்சும் எடையைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். விரலால் அமிழ்த்திய துண்டுகள் நொடிக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம் இறங்கின. என் சூத்திரம் இரண்டரை சென்டிமீட்டர் என்றது. வேகம் இவ்வளவு குறையும்போது உருளையின் தடைக்கெழு, அதாவது தடைவிசையின் அளவைத் தீர்மானிக்கும் எண், 1-இலேயே நிற்காமல் பல மடங்கு ஏறுகிறது. வேகத்தோடு நேர்விகிதத்தில் மாறும் ஒரு சிறு உறுப்பைச் சேர்த்ததும் இரண்டு எண்களும் ஒத்துப்போயின. பரப்பு இழுவிசைக்கு முறையான கணக்கு எதுவும் வைக்கவில்லை: நீர்மட்டத்தில் இருக்கும் கணு, கீழ்நோக்கிய ஒரு குறிப்பிட்ட இழுப்பைத் தாண்டும்வரை மேலேயே நிற்கும், தாண்டினால் உள்ளே போகும். போட்டித் தூண்டில்காரர்கள் நரம்பு மூழ்க வேண்டும் என்பதற்காகப் பாத்திரம் கழுவும் திரவத்தை அதில் தடவுவது உண்டு. அந்த ஒரே எண்ணைக் குறைத்து அதையும் விளையாட்டில் ஒரு தேர்வாக வைத்துவிட்டேன். நரம்பின் வகையை மாற்றுவதும் இப்படித்தான்: புளோரோகார்பனுக்கு அடர்த்தி 1.78, பின்னல் நரம்புக்கு 0.97, முன்னது வேகமாக மூழ்கும், பின்னது மிதக்கும்.

வரைவதில் ஒரே ஒரு சிக்கலைச் சொன்னால் போதும். 1080 பிக்சல் உயரமுள்ள திரையில், 75 பாகைக் கோணத்தில் பார்க்கும் கேமராவில், 5 மீட்டர் தொலைவிலுள்ள 0.30 மில்லிமீட்டர் நரம்பு ஒரு பிக்சலில் 24-இல் ஒரு பங்கு அகலம்தான் வரும். அப்படியே வரைந்தால் புள்ளி புள்ளியாக மின்னி மறைகிறது. அகலத்தை எப்போதும் ஒரு பிக்சலுக்குக் குறையாமல் வைத்து, குறைத்திருக்க வேண்டிய அகலத்துக்கு ஈடாக ஒளிபுகுதன்மையைக் கூட்டுவதே வழி. ஆனால் நேர்மையாகக் கணக்கிட்டால் நரம்பு கண்ணுக்கே தெரியாது என்பதால், எவ்வளவு தொலைவிலும் 35 விழுக்காடு தெரியும்படி நிறுத்திவிட்டேன். இந்த இடத்தில் இயற்பியலைவிட ஆட்டக்காரரின் கண் முக்கியம்.

எல்லாம் சேர்ந்து கோடோவின் சொந்த நிரல்மொழியில் 60 கணுக்களுக்கு மூன்று மில்லிநொடிக்கு மேல் பிடித்தது. உட்படிச் சுழற்சியை மட்டும் சி++-க்கு மாற்றியதும் 0.2 மில்லிநொடிக்குக் கீழே வந்துவிட்டது. மற்றதெல்லாம் பழைய மொழியிலேயே இருக்கிறது.

மறுபடி தொடங்கினால் கணுச் சங்கிலியைத் தொடுவதற்கு முன் அந்த ஒற்றைச் சுருள்வில்லையும் டிராக்கையும் எழுதி, நேர்கோடு மட்டும் வரைந்து, மீன் இழுக்கும் உணர்வைச் சரிசெய்துவிடுவேன். சங்கிலி அதற்குமேல் போர்த்துவதுதான். கழியின் வளைவையும் இதே வில்லோடு தொடராகச் சேர்த்திருப்பேன். இப்போது அது தனி அசைவுப்படமாக, இழுவிசை எண்ணைப் பார்த்து வளைகிறது. பின்னல் நரம்பின் விறைப்பை நான் அளக்கவில்லை. நைலானைப்போல் பத்து மடங்கு என்று குத்துமதிப்பாக வைத்திருக்கிறேன். அதற்கு மாடிக் கம்பியும் பாட்டிலும் போதாது, நீட்சி மில்லிமீட்டர்க் கணக்கில் இருக்கும் என்பதால் நீண்ட நரம்பும் நல்ல அளவுகோலும் வேண்டும்.

தீராமல் நிற்பது பாறை. மீன் ஒரு பாறையைச் சுற்றி ஓடினால், கண்ணுக்குத் தெரியும் சங்கிலி பாறையில் மோதி வளைகிறது. மீனின் சுருள்வில்லோ பாறையை ஊடுருவி நேராக இழுக்கிறது. நேர்த்தூரத்துக்குப் பதிலாக, நுனியிலிருந்து தொடுபுள்ளிகள் வழியாக முள் வரை போகும் பாதையின் நீளத்தை எடுத்து, இழுவிசையைக் கடைசித் தொடுபுள்ளியின் திசையில் கொடுக்க வேண்டும்; ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் உராய்வுக்காக ஒரு பங்கைக் கழிக்கவும் வேண்டும். ஒரு பாறைக்கு இது இப்போதே வேலை செய்கிறது. இரண்டாவது பாறையைச் சேர்த்து, மீன் வந்த வழியே திரும்பும்போது, எந்தத் தொடுபுள்ளியை எப்போது விடுவிப்பது என்பதில் நிரல் இன்னும் தடுமாறுகிறது.